மகமைப் பணமும் டெண்டர் பணமும்

சேலத்தின் மிகப் புதிய கட்டடங்களில் ஒன்றுக்குப் பெயர் பழைய பஸ் ஸ்டாண்ட். 2023 ஜூனில் திறப்பு விழா நடந்தது. தரையில் ஒரு வரிசை, சாய்தளம் ஏறிப் போனால் மாடியில் இன்னொரு வரிசை என்று பஸ்கள் நிற்கின்றன. அரசுக் காகிதங்களில் அது ‘ஈரடுக்குப் பேருந்து நிலையம்’. ஊர் வாயில் அந்தப் பெயர் ஏறவில்லை. டவுன் பஸ் கண்டக்டர் படியில் நின்று “பழசெல்லாம் எறங்குங்க” என்கிறார். துணிப்பையும் தூக்குப்போசியுமாக ஜனம் இறங்குகிறது. கட்டடத்தை இடிக்க டெண்டர் விடலாம். பெயரை இடிக்க எந்தக் கான்ட்ராக்டரும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அதற்குச் செலவான தொகை 96 கோடிக்கு மேல். பணம் வந்த வழி ஸ்மார்ட் சிட்டி திட்டம். 2015 ஜூனில் மத்திய அரசு அதைத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் வந்த பட்டியலில் மதுரை, தஞ்சாவூர், வேலூரோடு சேலமும் இடம் பிடித்தது. நகரம் ஒன்றுக்கு மத்திய அரசின் பங்கு 500 கோடி, அதே அளவுக்கு மாநிலமும் உள்ளாட்சியும் சேர்ந்து போட வேண்டும் என்பது கணக்கு. 1866இல் நகராட்சியான ஊர் இது. ராஜாஜி 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இருந்திருக்கிறார். அந்த நாளில் நகராட்சிக் கூட்டத்தில் யாராவது ஆயிரம் கோடி என்று சொல்லியிருந்தால், ஆளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று மோர் வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

ஆக, பணம் வந்தது. பஸ் ஸ்டாண்ட் இடிந்து எழுந்தது. பக்கத்தில் வ.உ.சி. பூ மார்க்கெட் இடிந்து எழுந்தது. வேலை நடந்த காலத்தில் டவுன் பஸ்கள் போஸ் மைதானத்துக்குப் போயின. திருமணிமுத்தாற்றுக்குக் கரைச்சுவர் வந்தது. தண்ணீர் என்னவோ அதே சாக்கடைத் தண்ணீர்தான். இவற்றில் எதையும் வேண்டாத வேலை என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் பழைய பூ மார்க்கெட்டுக்குள் கணுக்கால் சேற்றில் நின்று கனகாம்பரம் வாங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஒன்று கண்ணில் படுகிறது. ஊர் நடுவுக்கு வருகிற பணம் ஒரே ஒரு வேலையைத்தான் கற்றுவைத்திருக்கிறது: இடித்துக் கட்டுவது. ஒழுகுகிற ஓட்டை மாற்றுவது, உளுத்த உத்திரத்துக்கு முட்டுக் கொடுப்பது, காரை உதிர்ந்த சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது என்றால் அது கையை விரித்துவிடுகிறது.

அன்று இப்படி இல்லை. அன்று பணமே குறைவு. ஆனால் இருந்த பணத்தில் பெரும்பங்கு, இருப்பதைக் காப்பாற்றத்தான் போயிற்று.

மகமை என்றொரு சொல் இருக்கிறது. இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால் ஏதோ பெண் பெயர் என்பார்கள். மண்டியில் மூட்டை ஒன்றுக்கு, பொதி ஒன்றுக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட சிறு தொகை அது. காலணா, அரையணா. சரக்கு விற்ற சீட்டிலேயே தரகு, கூலி, சாக்கு என்ற வரிகளுக்குக் கீழே மகமை என்று ஒரு வரி விழும். வாங்கியவனுக்கும் வலிக்காது, விற்றவனுக்கும் வலிக்காது. ஆண்டு முடிவில் திரண்டு நிற்கும். சத்திரத்துக் கூரை, கோயில் மதில், தண்ணீர்ப் பந்தல், கிணற்றுக் கைப்பிடிச் சுவர், பிறகு பள்ளிக்கூடம் என்று தமிழ்நாட்டு வணிக ஊர்கள் பலவும் இந்தச் சில்லறையில்தான் பராமரிக்கப்பட்டன. நாடார் உறவின்முறைகள் இதைப் பெரிய அமைப்பாகவே வளர்த்தன. விருதுநகர்ப் பள்ளிகள் அதற்குச் சாட்சி. சேலத்து லீ பஜாரும் செவ்வாய்பேட்டையும் வளர்ந்தது இந்த மண்டிக் கணக்கு உலகத்தில்தான்.

மகமையின் சூட்சுமம் அதன் அளவில் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது. வியாபாரம் நடக்கிற நாளெல்லாம் அது விழுந்துகொண்டே இருக்கும். பராமரிப்பும் அப்படிப்பட்ட வேலைதானே. நாட்டு ஓட்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும்: வைகாசி, ஆனியில் ஆள் வைத்து ஓடு மாற்றியாக வேண்டும். பூனை ஓடியிருக்கும், குரங்கு புரட்டியிருக்கும், நாலைந்து ஓடு நழுவியிருக்கும். அந்த வருஷம் விட்டால் மழையில் சட்டம் நனையும். அடுத்த வருஷமும் விட்டால் சட்டம் உளுக்கும். மூன்றாம் வருஷம் உத்திரம். ஐந்தாம் வருஷம் என்ஜினீயர் வந்து பார்த்துவிட்டு “இது தாங்காதுங்க, எடுத்துடுங்க” என்பார். இதில் முதல் வருஷச் செலவு ஒரு கொத்தனார் கூலி. கடைசி வருஷச் செலவு ஒரு வீடு.

கோயிலுக்குக் கட்டளை, ஏரிக்கு மானியம் என்று வேறு வாய்க்கால்களும் இருந்தன. ஏரி மதகைப் பார்த்துக்கொள்பவருக்கு மானிய நிலம் விட்டிருப்பார்கள். அதன் விளைச்சலே அவருக்குச் சம்பளம். வெள்ளையர் காலத்து இனாம் விசாரணைகளில் தொடங்கி, 1963ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வரை அந்த ஏற்பாடு படிப்படியாகக் கலைந்தது. அவற்றில் பல, சாதி ஏணியைத் தாங்கிப் பிடித்த ஏற்பாடுகள், கலைந்தது நியாயம். மகமையும் அப்படித்தான். யார் தெருவில் விழுந்ததோ அந்தத் தெருவுக்குத்தான் செலவாயிற்று, சேரிப் பக்கம் அது எட்டிப் பார்க்கவில்லை. அதைத் தங்கக் காலம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் அதன் இடத்தில், ஆண்டு தவறாமல் சிறு தொகை கொடுக்கும் இன்னொரு வாய்க்கால் வெட்டப்படவில்லை. ஊரே கூடி நீர்நிலையைப் பராமரிக்கும் குடிமராமத்து என்ற பெயரை மட்டும் 2017இல், எடப்பாடிக்காரர் முதலமைச்சராக இருந்தபோது, மாநில அரசு மீட்டெடுத்தது. 100 கோடியில் தொடக்கம், விவசாயிகள் பங்கு பத்துச் சதவீதம். பழைய சொல்லில் புதிய எஸ்டிமேட்.

சேலத்தின் குகை, அம்மாப்பேட்டை, பொன்னம்மாபேட்டைப் பகுதிகளில் நெசவாளர் வீடுகள் அந்தக் காலத்தில் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். தெருவைப் பார்த்துத் திண்ணை. உள்ளே நுழைந்ததும் குழித்தறி. தறிக்கு வெளிச்சம் வர ஒரு முற்றம். பாவு போடத் தெருவே நீளம். வீடும் தொழிற்கூடமும் ஒன்றாக இருந்ததால், கூரை ஒழுகினால் பாவு நனையும், பாவு நனைந்தால் கூலி போகும். அதனால் யாரும் சொல்லாமலேயே ஓடு மாறியது. விசைத்தறி வந்ததும் குழி மூடி, தளம் போட்டு, கூரையை எடுத்து ஆஸ்பெஸ்டாஸ் போட்டார்கள். அரசு தறிக்குத் தந்த சலுகைகள் நல்ல சலுகைகள்தான். 2023இல் கைத்தறிக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் என்று இலவச மின்சாரம் உயர்ந்தது. தறியைச் சுற்றி நின்ற வீட்டைத்தான் எந்தத் திட்டமும் வீடாகப் பார்க்கவில்லை.

பார்த்த திட்டம் ஒன்று உண்டு. அது பார்த்த விதம் வேறு. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், சொந்த மனையில் தானே வீடு கட்டிக்கொள்பவருக்கு மத்திய அரசு ஒன்றரை லட்சமும் மாநிலம் அதற்கு மேல் ஒரு தொகையும் தருகிறது. தகுதி என்ன? ‘பக்கா’ வீடு இல்லாதிருக்க வேண்டும். மண்சுவரும் நாட்டோடுமாக நூறு வருஷம் நின்ற வீடு அந்தப் பட்டியலில் ‘கச்சா’. கூரை மாற்ற முப்பதாயிரம் போதும் என்கிற குடும்பத்துக்கு அந்த முப்பதாயிரம் கிடைக்காது. இடித்தால் இரண்டு லட்சம் கிடைக்கும். நீங்களும் நானும் அந்த வீட்டுக்காரராக இருந்தால் என்ன செய்வோம்?

கடைவீதிக் கதை இன்னும் விசித்திரம். அங்கே இடிப்புக்குத் தூண்டியது திட்டம் அல்ல, வாடகைச் சட்டம். 1960ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவரையும் கடைக்காரரையும் காப்பாற்ற வந்தது; காப்பாற்றவும் செய்தது. அதன் 14ஆம் பிரிவில் சொந்தக்காரர் இடத்தைத் திரும்பக் கேட்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, பழுது பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் பழுது முடிந்ததும் அதே வாடகைதாரருக்கு இடத்தைத் தர முன்வர வேண்டும். இரண்டாவது, இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறேன் என்று கேட்கலாம். குறித்த காலத்துக்குள் இடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். போதாததற்குப் புதுக் கட்டடத்துக்குச் சில ஆண்டுகள் வாடகைக் கட்டுப்பாடே கிடையாது. தாத்தா காலத்து வாடகை நாற்பது ரூபாயில் உறைந்து நிற்கும்போது எந்தச் சொந்தக்காரர் முதல் வழியில் போவார்? பழுது பார்த்தவன் ஏமாளி, இடித்தவன் பிழைத்தான். சின்னக்கடை வீதி மாதிரியான தெருக்களில் மரத்தூண் வைத்த மாடிக் கடைகள் ஒவ்வொன்றாக மறைந்ததில், ‘நவீன மோகம்’ என்று நாம் திட்டுவதற்குப் பங்கு குறைவு. அந்தப் பிரிவுக்குப் பங்கு அதிகம். 2019 பிப்ரவரியில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் இடிய வேண்டியதில் பெரும்பாலானது இடிந்தாயிற்று.

ஏற்காடு ரோட்டில் நிற்கும் வளைவைச் சொல்லாமல் சேலத்தைப் பற்றி எழுத முடியாது. திருச்செங்கோட்டிலிருந்து வந்த டி.ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேல் படம் எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ 1938இல் இங்கிருந்துதான் போயிற்று. ‘மந்திரி குமாரி’ 1950, முழுநீள வண்ணப் படமாக ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956. சென்னைக்குப் போகாமலேயே சினிமா எடுக்கலாம் என்று காட்டிய மனிதர் 1963இல் இறந்தார். எண்பதுகளில் கம்பெனி ஓய்ந்தது. தளங்கள் போன இடத்தில் வீடுகள் வந்தன. மிஞ்சியது வாசல் வளைவு மட்டும். 2023இல் முதலமைச்சர் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு முடிவதற்குள், வளைவு நிற்பது பட்டா நிலத்திலா நெடுஞ்சாலை நிலத்திலா என்று தகராறு எழுந்தது. நூறு படம் எடுத்த இடத்தில் இன்று அளவுகல்லைப் பற்றிப் பேச்சு. அந்தத் தளங்கள் விலைக்குப் போன காலத்தில், தொழிற்கூடம் ஒன்றைப் பாரம்பரியம் என்று சொல்லிக் காப்பாற்றச் சட்டத்தில் இடம் இருந்ததா? தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமே 2012இல்தான் வந்தது. வந்ததும் உறங்கிப்போய், நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று.

நாமக்கல் பக்கம் போனால் கதை தலைகீழ். அங்கே ஊர் நடுவிலேயே காவல் இருக்கிறது. ஏறத்தாழ 65 மீட்டர் உயர ஒற்றைப் பாறை. மேலே நாயக்கர் காலத்துக் கோட்டை. பாறையின் இரண்டு பக்கமும் அதியர் காலத்துக் குடைவரைகளில் நரசிம்மரும் அரங்கநாதரும். எதிரே கூரையில்லாமல் வெயிலில் நிற்கும் ஆஞ்சநேயர். கோட்டையும் குடைவரைகளும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 2010இல் திருத்திய சட்டப்படி சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். பாறை ஊரின் தொப்புளில் இருப்பதால் பழைய கடைவீதிகளில் நல்ல பங்கு இந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. பாறைக்குப் பணமும் காவலாளியும் உண்டு. அதன் நிழலில் இருக்கிற கடைக்காரருக்கு விதி மட்டும் உண்டு. இடித்துக் கட்டவும் எளிதில் முடியாது, பழுது பார்க்கவும் மனு போட வேண்டும், அதற்கு உதவி என்று ஒரு ரூபாய் கிடையாது. இது பாதுகாப்பா, மறதியா?

1997இல் நாமக்கல் தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் திருச்செங்கோடு ரோட்டில் ஊருக்கு வெளியே அமைந்தது. 2024இல் ஊர் மாநகராட்சியானது. அதே ஆண்டில் வெளியூர் பஸ்களுக்கு முதலைப்பட்டியில் புது நிலையம் வந்தது. நெரிசலுக்கு அது தேவைதான். கோட்டைக்குக் கீழே பஸ் மாறுகிற இடைவெளியில் டீ குடித்து, பூ வாங்கி, ஆஞ்சநேயரை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிய கூட்டம் இப்போது அங்கே இறங்குவதில்லை. மெய்யனூருக்குப் புது பஸ் ஸ்டாண்ட் போனபோது சேலத்துக் கடைவீதி பட்ட பாடுதான் இது. லாரி பாடி கட்டியும், கோழி வளர்த்தும், போர்வெல் ரிக் ஓட்டியும் இந்தியா முழுக்கப் பணம் சம்பாதித்த வட்டாரம். பணப் பஞ்சம் என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. நாமக்கல் கவிஞர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக்கி நூலகம் வைத்திருக்கிறது. வீடு பிழைத்தது. ஆனால் கவிஞர் வாழாத வீடுகள்தானே ஒரு தெருவில் அதிகம்.

அரசுப் பணம் பராமரிப்புக்குப் போவதே இல்லை என்றால் அது பொய். சாமிக்குப் போகிறது. ஆயிரம் ஆண்டு கடந்த கோயில்களைப் புதுப்பிக்க மாநில பட்ஜெட்டில் 100 கோடி ஒதுக்கினார்கள். கோயிலுக்கு உபயதாரர்களுக்கும் பஞ்சமில்லை. டியூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி எழுதி, பெயர்தான் எரிகிறது, வெளிச்சம் வரவில்லை என்று கிண்டலடிக்கிற அளவுக்கு உபயம். அதே கை, கோயிலுக்கு எதிர்த் திண்ணைக்கு நீளாது. புண்ணியக் கணக்கில் திண்ணை வராது.

வழி இல்லாமலும் இல்லை. நாலரை மணி நேரப் பயணத்தில் புதுச்சேரி இருக்கிறது. அங்கே தமிழர் பகுதியில் வைசியாள் வீதியை 2000களின் தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு இன்டாக் அமைப்பு எடுத்துச் செய்தது. யார் வீட்டையும் வாங்கவில்லை. முகப்பைச் சரிசெய்யத் திட்டம் ஒரு பங்கு போட்டது, வீட்டுக்காரர் ஒரு பங்கு போட்டார். தாழ்வாரமும் திண்ணையும் மரத்தூணும் வரிசையாக உயிர் பெற்றன. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது வந்தது. பினாங்கில் நம்மவர்கள் நிறைந்த ஜார்ஜ் டவுனிலும் அப்படியே: 2009 முதல் ‘திங்க் சிட்டி’ என்ற அரசு சார்ந்த நிறுவனம் பழைய கடைவீட்டுக்காரர்களுக்குச் சிறு சிறு மானியமாகக் கொடுத்தது. அமெரிக்காவிலோ, வருமானம் தரும் பழைய கட்டடத்தை முறைப்படி புதுப்பித்தால் செலவில் 20 சதவீதம் வரியில் கழிகிறது. மூன்றிலும் ஒற்றுமை ஒன்றுதான்: முதலில் கை வைப்பவர் சொந்தக்காரர், அரசு தோள் கொடுக்கிறது. நம் ஸ்மார்ட் சிட்டியில் அரசு இடத்தில் அரசு கட்டியது. தனியார் வீட்டுத் திண்ணை எந்தக் கோப்பிலும் வராது. மத்திய அரசின் ‘ஹ்ரிதய்’ பாரம்பரிய நகரத் திட்டம் 2015இல் 12 ஊர்களுக்கு வந்தது. தமிழ்நாட்டில் காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும். சேலம் மாதிரி உழைப்பாளி ஊர்களுக்குப் பாரம்பரியம் இருக்கும் என்று டெல்லிக்குத் தோன்றவில்லை. சேலத்துக்கே தோன்றவில்லை என்பதுதான் நிஜம்.

பணம் கிடைத்தாலும் ஆள் வேண்டும். சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசுகிற கொத்தனார்களை இன்று விரல் விட்டு எண்ணிவிடலாம். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சிமென்ட் ஆலைக்குப் போகிறது, சிமென்ட் பழைய சுவரில் ஏறுகிறது, மூச்சடைத்த சுவர் உள்ளுக்குள் ஈரம் கோத்துக் காரையை உதிர்க்கிறது. உடனே பழைய வீடென்றால் அப்படித்தான் என்று பழி.

புதுப்பாளையத்தில், திருச்செங்கோட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், காந்தி ஆசிரமம் இருக்கிறது. ஜமீன்தார் கொடுத்த நிலத்தில் 1925 பிப்ரவரி 6 அன்று ராஜாஜி தொடங்கியது; கல்கி அங்கே தங்கி ‘விமோசனம்’ பத்திரிகை வேலை பார்த்தார். 2025இல் நூறு முடிந்தது. கதரும் நெய்யும் தேனும் விற்று வந்த வருமானத்தில் அதன் ஓடுகள் மாறி வந்தன. கதர் விற்பனைக்கு அரசு தரும் தள்ளுபடியும் தாங்கிப் பிடித்தது. தள்ளுபடிப் பணம் தாமதமானால் கதர்ச் சங்கங்கள் எல்லாமே மூச்சுத் திணறும். ஆனாலும் ஒரு கட்டடம் தன் வேலையைத் தொடர்ந்து செய்தால் தன் கூரையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பதற்கு இந்தச் சமவெளியில் வேறு நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மகமை முழுக்கச் செத்துவிட்டதா என்றால், ஆடி மாதம் சேலத்துக்கு வந்து பார்க்க வேண்டும். கோட்டை மாரியம்மனோடு பேட்டைக்குப் பேட்டை மாரியம்மன்களும் சேர்ந்து கொண்டாடும் பண்டிகையில், குகையிலும் செவ்வாய்பேட்டையிலும் வண்டி வேடிக்கை நடக்கும். லாரியும் டிராக்டரும் கோபுரமாக, கைலாசமாக, பாற்கடலாக மாறி, மேலே வேஷம் கட்டிய பிள்ளைகளோடு ராத்திரி முழுக்க ஊர்ந்து வரும். எந்தத் துறையும் நிதி ஒதுக்குவதில்லை. வீடு வீடாக நோட்டு எடுத்துக்கொண்டு போகிறார்கள். வெள்ளிப் பட்டறைக்காரர், தறிக்காரர், மளிகைக்காரர், வெளியூரில் வேலை பார்க்கும் பையன் ஜிபேயில் அனுப்பியது எல்லாம் அந்த நோட்டில் ஏறுகிறது. போன வருஷம் யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரு முழுக்கத் தெரியும். அதனால் யாரும் குறைத்துப் போடுவதில்லை. தணிக்கை என்றால் அதுதான் தணிக்கை.

விடிந்ததும் தெர்மோகோல் கோபுரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவைப்பார்கள். வேஷம் போட்ட பிள்ளைகள் நீலச் சாயம் கலையாமல் திண்ணை மிஞ்சியிருக்கும் வீடுகளில் சுருண்டு தூங்கும். வசூல் நோட்டைக் கணக்கு முடித்து அடுத்த ஆடிக்குப் பீரோவில் வைத்துப் பூட்டுவார் ஒருவர். ஆவணி மழைக்கு முன்னால் அந்தப் பீரோவை அரை அடி தள்ளிப்போட வேண்டும். மேலே ஓடு நழுவியிருக்கிறது.